எல்லோரும் அண்ணன், ஒருவரைத் தவிர

எனக்குப் பாடத் தெரியும் என்று சொல்வதைவிட, பிள்ளைகளைப் பாட வைக்கத் தெரியும் என்று சொல்வதுதான் சரி. மைக் இல்லாவிட்டாலும் கரண்ட் போனாலும் கவலை இல்லை. மே மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே வியர்த்து வழிந்துகொண்டிருக்கும் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளை எழுப்பி, கை தட்ட வைத்து, பையன்கள் ஒரு வரி பெண் பிள்ளைகள் ஒரு வரி என்று பிரித்துப் பாடவும் வைத்துவிடுவேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்துச் சபைகள் சேர்ந்து கடலூரில் கோடை விடுமுறைக்கு நடத்தும் சிறுவர் முகாமுக்கு என்னை ஊழியராகக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். அங்கே எனக்குப் பெயர் கிடையாது. நான் பாட்டு அக்கா.

பெயர் கிடையாது என்பது முகாமின் சட்டம். ஊழியர்களில் ஆணாக இருந்தால் அண்ணன், பெண்ணாக இருந்தால் அக்கா. பிள்ளைகள் மட்டுமல்ல, நாங்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட வேண்டும். சமையல் அண்ணன், விளையாட்டு அண்ணன், கதை அக்கா, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மோட்டார் அண்ணன். வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. என்னைவிடச் சின்னவனான ட்ரம் அடிக்கும் கல்லூரிப் பையன்கூட எனக்கு அண்ணன்தான். நான் அவனுக்கு அக்கா. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கூப்பிட்டுக்கொள்வோம்.

சட்டத்தைப் போட்டவர் முகாமின் பொறுப்பாளர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அவரை மட்டும் எல்லோரும் டீச்சரம்மா என்போம். பிள்ளைகள் வருவதற்கு முந்தின நாளே ஊழியர்களை வரவழைத்துக் கூட்டம் போட்டார். கல்யாணம் ஆகாத வாலிபர்களும் வாலிபப் பெண்களும் ஒரு வாரம் ஒரே வளாகத்தில் இருக்கப் போகிறோம். அந்தக் கவலை அவர் நெற்றியில் எழுதியிருந்தது.

"அண்ணன்னு வாயில வந்துட்டா மனசுல வேற எதுவும் வராது. இத்தன வருஷமா ஒரு கேம்ப்லகூட ஒரு பேச்சு வந்தது கெடையாது. இந்த வருஷமும் வரக் கூடாது" என்றார்.

நாங்கள் "ஆமென்" என்றோம்.

டீச்சரம்மாவின் கணக்கு தப்பில்லை. எங்கள் பக்கம் ஒரு பெண் ஓர் ஆணை எப்படிக் கூப்பிடுகிறாள் என்பதிலேயே பாதி வாழ்க்கை முடிவாகிவிடும். மாமா என்றால் ஒரு கதவு திறந்திருக்கிறது. மச்சான் என்றால் இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. அண்ணன் என்றுவிட்டால் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை, வெறும் சுவர். வாய் தவறிச் சொல்லிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஊரே கேலி பேசும்.

கூட்டத்தின் முடிவில் ஒவ்வொருவராக எழுந்து அறிமுகம் செய்துகொண்டோம். நான் சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த கதை அக்கா, "அங்க எந்தத் தெரு?" என்று கேட்டார். நம்முடைய ஊர்களில் இந்தக் கேள்வியை யாரும் விலாசத்துக்காகக் கேட்பதில்லை. ஊருக்குள்ளேயா, காலனியிலா என்று தெரிந்துகொள்ளத்தான். நான் யோசிக்காமல், "ஊருக்குள்ளதான்க்கா, ரோட்டு மேலயே வீடு" என்றேன். கதை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கூட இருந்த எல்லோருக்கும்தான்.

எனக்கு அடுத்து எழுந்தவர் முதலுதவிப் பொறுப்புக்கு வந்திருந்தவர். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். உயரமானவர், சட்டையின் கை மடிப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது. ஊர் பெயரைச் சொன்னவர் நிறுத்தாமல், "காலனி" என்றும் சேர்த்துச் சொன்னார். கதை அக்கா சங்கடமாக, "நான் கேக்கவே இல்லியே" என்றார்.

"கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் வேல மிச்சம்க்கா" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

முகாம் நடந்தது தேவனாம்பட்டினம் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தோம். பெண் பிள்ளைகள் மாடியில், பையன்கள் கீழே. மதியத்துக்குமேல் கடல் காற்று வந்துவிடும். அதுவரைக்கும் எல்லோரும் வேகவேண்டியதுதான். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று பல இடத்துப் பிள்ளைகள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். ஒரு வாரம் வீட்டில் சத்தம் இல்லாமல் இருந்தால் போதும் என்று அனுப்பிவைத்த அம்மாக்களும் உண்டு. அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

முகாமின் ஆரம்பத்திலேயே அண்ணாகிராமத்துப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா தன் மகளோடு ஒரு பலாப்பழத்தையும் கொண்டுவந்து இறக்கினார். பழம் மகளைவிடக் கனம். "எல்லாப் புள்ளைங்களுக்கும் குடுங்க, நம்ம தோட்டத்துது" என்றார். சமையல் அண்ணன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து அறுத்தார். ஆளுக்கு இரண்டு சுளைதான் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். பையன்கள் அதை வேத வசனம்போல் மனப்பாடம் செய்தார்கள், கடைப்பிடிக்கத்தான் இல்லை. திருட்டுத்தனமாக ஐந்தும் ஆறும் தின்று, மேலே தண்ணீரைக் குடித்து, வெயிலில் கபடி ஆடினார்கள். சாயங்காலப் பாட்டு வேளையில் நான் கை தட்டச் சொன்னால் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நர்ஸ் வந்தார். பதறவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளைகளை வேப்ப மரத்து நிழலில் வரிசையாகப் படுக்க வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். நான் டம்ளர் ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். ஒரு பையன் வாயைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே போவதற்குப் பதில் தின்ற பலாச்சுளை எல்லாம் வெளியே வந்து அவர் சட்டை முழுக்கக் கொட்டியது. பையன் பயத்தில் அழ ஆரம்பித்தான்.

"எதுக்கு அழுவுற? சட்ட தொவைச்சா போயிடும். உள்ள இருக்கறது எல்லாம் வந்துட்டா நல்லது. இன்னும் எத்தன சொள இருக்கு, சொல்லு பாப்போம்" என்றார்.

பையன் அழுதுகொண்டே, "ஒண்ணுதான் அண்ணா" என்றான். சுற்றிப் படுத்திருந்த எல்லோரும் வயிற்று வலியோடு சிரித்தார்கள். அவர் சட்டையை உதறக்கூட இல்லை. அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. எனக்கு அங்கேயே, அந்த நாற்றத்தின் நடுவிலேயே, அவரைப் பிடித்துப்போயிற்று. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகாம் முடிந்து திரும்பினால் ஒரு பெண் பார்க்கும் படலம் காத்திருந்தது. வருகிறவன் யாராக இருந்தாலும், வாந்தி கொட்டிய சட்டையோடு அடுத்த பிள்ளைக்கு ஸ்பூன் நீட்டுவானா என்று நான் யோசித்துக்கொண்டுதான் இருப்பேன். அது யாருக்கும் நல்லதல்ல. இவர்தான் என்று முடிவு செய்தேன். அவருடைய முடிவு என்ன என்பது தெரியாது, ஆனால் என் பக்கத்தில் வேலை முடிந்துவிட்டது.

அவருக்குக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாட வராது. சுருதிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. காலை ஆராதனையில் பின்வரிசையில் நின்று அவர் உரக்கப் பாடினால், முன்வரிசைப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். வேறு யாராவது இருந்தால் கொஞ்சம் மெதுவாகப் பாடுங்கள் என்று சொல்லியிருப்பேன். அவரிடம் சொல்லவில்லை.

சொல்ல வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு அவர் மருந்து அண்ணன். பிள்ளைகள், ஊழியர்கள், டீச்சரம்மா, எல்லோர் முன்னாலும் என் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவை வந்துவிட்டால் தீர்ந்தது. நாளைக்கு இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் நின்றால், "கேம்ப்புல அண்ணா அண்ணான்னு சுத்திட்டு இப்ப பாரு" என்று நாலு வாய் பேசும். அதைவிட முக்கியம், அவரே என்னைத் தங்கையாக எடுத்துக்கொண்டுவிடுவார். ஆகையால் அந்தச் சொல்லை அவருக்கு மட்டும் தருவதில்லை என்று உறுதியாக இருந்தேன்.

ஒருவரை விளிக்காமலேயே அவரோடு வேலை செய்வது எப்படி என்று யாராவது கேட்டால் நான் வகுப்பே எடுப்பேன். "இங்க பாருங்களேன்" என்று ஆரம்பிக்கலாம். கை தட்டலாம். அவர் முகம் நம் பக்கம் திரும்பும்வரை இருமலாம். பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பிடித்து, "உங்க அண்ணன்கிட்ட பஞ்சு வாங்கிட்டு வா" என்று அனுப்பலாம். உங்கள் அண்ணன்தானே, என் அண்ணன் இல்லையே. ஒரு தடவை அவசரத்தில் "ஏங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். அது பெண்டாட்டிகள் புருஷனைக் கூப்பிடுவது என்று கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. அவர் காதில் விழவில்லை. அதைக் கேட்டுவிட்ட மோட்டார் அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார்.

மற்ற ஆண்களை நான் குறை வைக்காமல் கூப்பிட்டேன். இன்னும் சொல்லப்போனால் ஜாஸ்தியாகவே கூப்பிட்டேன். சமையல் அண்ணா, சாம்பார் சூப்பர். வாட்ச்மேன் அண்ணா, கேட்டைத் திறங்க. பால் கொண்டுவருகிறவரும் அண்ணா, ஷாமியானா கட்ட வந்தவர்களும் அண்ணா. பாக்கி எல்லோரையும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிறுத்திவிட்டு ஒருவரை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அவருக்கும் இது ஒரு நாள் தானாகப் புரியும் என்று நம்பினேன். புத்திசாலி மனிதர், புரியாமலா போகும்.

பிள்ளைகளுக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை, ஆறாம் வகுப்பு முடித்தவள், எதையும் நேராகக் கேட்பவள். பாட்டுப் பயிற்சி நடுவில் கையைத் தூக்கினாள்.

"அக்கா, நீங்க ஏன் மருந்து அண்ணன மட்டும் அண்ணான்னு கூப்புட மாட்டேங்கறீங்க?"

"கூப்புடுறேனே."

"இல்லக்கா. நாங்க பாத்துக்கினே இருக்கோம். ஒரு வாட்டிகூட கூப்புடல."

"ரெண்டாவது சரணம்" என்றேன். "எல்லாரும் எழுந்திருங்க, கையத் தூக்குங்க."

அவருடைய கண்ணிலும் அது பட்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

சாயங்காலம் ஊழியர்களுக்கு டீ வரும். ஒரு நாள் சமையல் அண்ணனுக்குக் கை ஒழியவில்லை என்று நர்ஸே தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்துவந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். என்னிடம் நீட்டியபோது நான், "வேணாங்க" என்றேன். எனக்கு டீ ஆகாது, குடித்தால் நெஞ்சு எரியும், பள்ளிக்கூட நாளிலிருந்தே குடிப்பதில்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு பக்கத்தில் நின்றதில் எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.

சாப்பாட்டு வேளையிலும் அப்படித்தான். தரையில் எதிரெதிராக இரண்டு வரிசை. அவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தாலும் நான் எதிர் வரிசைக்குப் போய்விடுவேன். பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய முகம் எப்படித் தெரியும்? எதிரில் உட்கார்ந்தால் ரசம் ஊற்றிக்கொண்டே பார்க்கலாம். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

முகாமின் கடைசி நாள் முற்பகலில் நிறைவு விழா. பெற்றோர்கள் வந்துவிடுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஊழியரையும் இன்னோர் ஊழியர் மேடைக்கு அழைத்து, அவர் செய்த வேலையை இரண்டு வரி சொல்லி, ஒரு துண்டு போர்த்த வேண்டும். யார் யாருக்கு என்று டீச்சரம்மா சொல்லுவார். எனக்கு நர்ஸைக் கொடுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டுத் தனியாக எச்சரிக்கையும் செய்தார்.

"நீ அந்தத் தம்பிய ஒரு மாதிரி நடத்துறன்னு என் காதுக்கு வருது. என்னன்னு நான் கேக்கல. மேடையில ஒழுங்கா அண்ணன்னு சொல்லி மரியாதையா கூப்புடு. எல்லாரும் பாப்பாங்க."

ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவர் சொல்லவில்லை. காதல் விஷயம் கசிந்துவிட்டது போலிருக்கிறது, கிழவிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். எனக்குள் சிரிப்புகூட வந்தது.

மேடை ஏறினேன். எனக்கு முன்னால் எல்லோரும் "நம்ம விளையாட்டு அண்ணன் வாங்க", "நம்ம கதை அக்கா வாங்க" என்று அழைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பெயருக்கும் கத்தினார்கள். அந்தத் தேவனாம்பட்டினத்துப் பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரம்மாவும் பார்த்தார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். அண்ணன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"அடுத்ததாக, இம்முகாமின் முதலுதவிப் பொறுப்பாளர் அவர்களை மேடைக்கு வருமாறு அன்புடன் அழைக்கிறேன்."

வானொலிச் செய்தி வாசிப்பதைப் போல இருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள், பெற்றோர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் வந்தார். தலையைக் கொஞ்சம்கூடக் குனியாமல் நின்றார். நான் எக்கித் துண்டைப் போட்டேன். அது தோளில் நிற்காமல் சரிந்தது. அவரே பிடித்து மடித்து, மேஜை மேல் வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். துண்டை எடுத்துக்கொள்ளவில்லை.

விழா முடிந்து பிள்ளைகள் பாயும் பெட்டியுமாக அப்பா அம்மாவோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். முதலுதவி அறையாக வைத்திருந்த வகுப்பறையில் மருந்துகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். கதவருகில் நின்று, "இங்க பாருங்க" என்றேன்.

"அதேதான்" என்றார், திரும்பாமல். "ஒரு வாரமா அதேதான். இங்க பாருங்க."

அவர் குரலில் அதுவரை நான் கேட்காத ஒன்று இருந்தது. கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சாதாரணமாகப் பேசினார்.

"வாட்ச்மேன் ஒங்களுக்கு அண்ணன். பால்காரர் அண்ணன். ஷாமியானா கட்ட வந்தவங்களும் அண்ணன். என்ன அண்ணான்னு கூப்புட மட்டும் ஒங்களுக்கு வாய் வரல. டீ குடுத்தா வாங்க மாட்டீங்க. பக்கத்துல எடம் இருந்தாலும் எதிர்ல போய் ஒக்காருவீங்க. ரோட்டு மேல வீடுன்னு மொத நாளு சொன்னீங்களே, அப்பவே நெனச்சேன். எங்க சர்ச்சுலயும் பாத்துருக்கேன். பழகிப் போச்சு. மேடையில இத்தன பேர் முன்னாடி செய்யாம இருந்திருக்கலாம். அவ்ளோதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. டீச்சரம்மா சொன்ன 'ஒரு மாதிரி' எந்த மாதிரி என்றும் புரிந்தது. முகாமே அப்படித்தான் நினைத்திருக்கிறது. ஊருக்குள்ளிருந்து வந்தவள், காலனிக்காரரை அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடக் கூசுகிறாள், அவர் கையால் டீ வாங்கிக் குடிக்க மாட்டாள். நான் ஒரு வாரமாக அவருக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவர் ஒரு வாரமாக அவமானமாக வாங்கிக்கொண்டிருந்தார். அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நானே வேறொருத்தி அப்படி நடந்துகொள்வதைப் பார்த்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அவர் மேல் அல்ல. ஒரு பெண் ஒருத்தருக்கு ஆசைப்பட்டு நடந்துகொள்வதும், ஒருத்தரைக் கீழாக நினைத்து நடந்துகொள்வதும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும்படி எங்கள் ஊர் ஆகிவிட்டதே, அதன் மேல் கோபம். துண்டை மேஜையில் பட்டென்று போட்டேன்.

"அண்ணான்னு ஒரு வாட்டி கூப்புட்டுட்டா அப்பறம் ஒங்கள எப்படிங்க நான் கட்டிக்கிறது?"

அவர் கையில் ஒரு பஞ்சு உருண்டை இருந்தது. அதை வைக்க இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தை நோயாளியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"காய்ச்சல் இல்ல. சந்தேகமா இருந்தா தெர்மாமீட்டர் வெச்சிப் பாருங்க. டீ எனக்கு ஆகாது, நெஞ்சு எரியும். எதிர்ல ஒக்காந்தது ஒங்க மொகத்தப் பாக்க. மத்தவங்க எல்லாம் அண்ணனா இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒருத்தர் மட்டும் அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் ஒரு வாரமா வாயக் கட்டிக்கினு இருந்தேன். இப்ப சொல்லுங்க, நான் தப்பு பண்ணனா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே யாரோ பையன் ஒருவன் என்னுடைய பாட்டை உரக்கப் பாடிக்கொண்டே பெட்டியை இழுத்துப் போனான். அவர் பஞ்சை அப்படியே மேஜை மேல் வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு. சேத்தியாத்தோப்புல நான் பஸ்ஸ விட்டு எறங்க முடியுமா?"

அவர் கேட்டது விளையாட்டல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் இப்படிச் சேர்ந்தவர்களுக்கு என்ன நடந்திருக்கிறது என்று பேப்பரில் படித்தவள்தான் நான். என் அப்பா விசுவாசிதான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோருக்கும் கை கொடுப்பார், எல்லோரும் ஒரே தகப்பனுடைய பிள்ளைகள் என்று ஜெபமும் செய்வார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லும்போது மட்டும் முதலில் தெருவைத்தான் கேட்பார். அவருக்கு மேலே பெரியப்பாக்களும் சித்தப்பாக்களும் இருந்தார்கள். அவர்களுக்கு ஜெபமும் கிடையாது. இதெல்லாம் தெரிந்துதான் பதில் சொன்னேன்.

"நீங்க எறங்க வேணாம். பஸ்சு நிக்கும் இல்ல, நான் ஏறிக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏறுறதுக்கு முன்னாடி ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஏறுங்க. ஓடி வந்த பொண்ணுன்னு ஒங்கள யாரும் ஒரு சொல்லு சொல்லக் கூடாது" என்றார். துண்டை எடுத்து, மடித்து, மருந்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில், எல்லோரும் இருக்கும்போதே, அவருடைய ஊர், தெரு, வேலை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போனார். அம்மா பின்னாலேயே போனாள். அவர் திரும்பி வந்து ஏதாவது சொல்வார் என்று மறுநாள், அதற்கு மறுநாள், அந்த மாதம் முழுக்கக் காத்திருந்தேன். திட்டியிருந்தால்கூட நின்றிருப்பேன். பிறகு ஒரு பகலில், அவர் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்பா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.